கழுகின் முகத்தில் 528, குடலில் 76!

பறவை உடம்பில் குடியிருக்கும் கிருமிகளின் கதை

காட்டில் ஒரு மாடு செத்துக் கிடக்கிறது. மூன்று நாள் வெயிலில் கிடந்து அழுகிவிட்டது. அந்த இறைச்சியை மனிதன் தின்றால் என்ன ஆகும்? வாந்தியும் பேதியும் வரும். சில சமயம் உயிருக்கே ஆபத்து!

ஆனால், கழுகு வருகிறது. வயிறு முட்டத் தின்கிறது. பக்கத்து மரத்தில் உட்கார்ந்து இளைப்பாறுகிறது. மறுநாள் ஒன்றும் நடவாதது போல் வானத்தில் வட்டமிடுகிறது!

அழுகல் இறைச்சியில் கோடிக்கணக்கான கிருமிகள் உண்டு. அவ்வளவும் கழுகின் உடம்புக்குள் போயின. பிறகு அவை என்ன ஆயின?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய விஞ்ஞானிகள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். பறவையின் உடம்பு ஒரு தேசம் போன்றது. அதில் பல ஊர்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் வெவ்வேறு கிருமிகள் குடியிருக்கின்றன!

கிருமி என்றால் வியாதியா?

கிருமி என்றதும் பயப்படுகிறோம். காலரா, காசம், டைபாய்டு எல்லாம் நினைவுக்கு வருகின்றன.

ஆனால், நம் வீட்டுச் சமையலறையைப் பாருங்கள். இரவு உறை ஊற்றிய பால் காலையில் தயிராகிறது. அரைத்து வைத்த தோசை மாவு பொங்கி வருகிறது. இவையெல்லாம் யார் செய்த வேலை? கிருமிகள் செய்த வேலைதான்! இந்தக் கிருமிகளால் நமக்குத் தீமை இல்லை. நன்மையே உண்டு.

உடம்பிலும் இப்படித்தான். 1683-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹுக் என்ற துணி வியாபாரி இருந்தார். பூதக்கண்ணாடி செய்வதில் அவர் கைதேர்ந்தவர். ஒருநாள் தமது பல்லிடுக்கில் இருந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டி எடுத்து, தாம் செய்த கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அதில் சின்னஞ்சிறு ஜீவராசிகள் துள்ளி ஓடிக்கொண்டிருந்தன! தமது நாட்டில் இருக்கும் ஜனங்களைவிடத் தமது வாயில் இருக்கும் உயிர்கள் அதிகம் என்று அவர் எழுதி வைத்தார்.

மனிதனுக்கு உள்ளது போலவே பறவைக்கும் உண்டு. அலகு, கண், தொண்டைப் பை, குடல், இறகு, வால் அடி என்று எங்கே பார்த்தாலும் கிருமிகள்தான்.

ஒரே உடம்பு, பல ஊர்கள்

நீலகிரியில் விளையும் தேயிலை ராமநாதபுரத்தில் விளையாது. ராமநாதபுரத்துப் பனை ஊட்டிக் குளிரில் வளராது. அந்தந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்ற பயிர்தான் அங்கங்கே விளையும்.

பறவையின் உடம்பிலும் இதே கதைதான். இறகின் மேல் வெயிலும் காற்றும் படுகின்றன. அது வறண்ட பூமி. தொண்டைப் பை ஈரமும் சூடும் உள்ள இடம். குடலின் உட்பகுதியில் காற்றே இல்லை. ஆகவே, இறகில் வாழும் கிருமிக்குக் குடல் ஒத்துக்கொள்ளாது. குடலில் வாழும் கிருமிக்கு இறகு ஒத்துக்கொள்ளாது.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பறவையை வலையில் பிடிக்கிறார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் அதன் அலகுக்குள்ளும், இறகின் மேலும், வால் அடியிலும் மெல்லத் தடவி எடுக்கிறார்கள். பிறகு பறவையைப் பறக்க விட்டுவிடுகிறார்கள்.

முன்பெல்லாம் அந்தப் பஞ்சில் உள்ள கிருமிகளைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துத்தான் பார்ப்பார்கள். பல கிருமிகள் தட்டில் வளரவே வளராது. ஆகவே, அவை இருப்பதே தெரியாமல் போயிற்று. இப்போது வேறு வழி வந்துவிட்டது. ஒவ்வோர் உயிருக்குள்ளும் டி.என்.ஏ. என்ற பரம்பரைப் பொருள் இருக்கிறது. கையெழுத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வது போல, டி.என்.ஏ.யைப் படித்து இது இன்ன கிருமி என்று சொல்லிவிடுகிறார்கள்.

கழுகின் இரண்டு ஊர்கள்

அமெரிக்காவில் வான்கோழிக் கழுகு என்று ஒரு பறவை உண்டு. வான்கோழியைப் போலச் சிவந்த மொட்டைத் தலை இருப்பதால் அந்தப் பெயர். கருங்கழுகு என்று இன்னொன்றும் உண்டு. இரண்டும் செத்த பிராணிகளைத் தின்பவை.

டென்மார்க், அமெரிக்கா ஆகிய நாடுகளின் விஞ்ஞானிகள் இந்த இரு வகையிலும் சேர்த்து 50 கழுகுகளை ஆராய்ந்தார்கள். முகத்தின் தோலில் இருந்த கிருமிகளைத் தனியாகவும், குடலில் இருந்தவற்றைத் தனியாகவும் எண்ணினார்கள். 2014-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

ஒரு கழுகின் முகத்தில் சராசரியாக 528 வகைக் கிருமிகள் இருந்தன. குடலில் எத்தனை வகை தெரியுமா? 76 தான்!

முகத்தில் இத்தனை வகை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கழுகு தன் தலையைச் செத்த பிராணியின் வயிற்றுக்குள்ளேயே நுழைத்துத் தின்கிறது. அங்குள்ள கிருமியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால், அதே இறைச்சிதானே குடலுக்கும் போயிற்று? மற்றக் கிருமிகள் எங்கே மறைந்தன?

நடுவே இரைப்பை இருக்கிறது. அங்கே சுரக்கும் அமிலம் மிக மிகக் கடுமையானது. பெரும்பாலான கிருமிகள் அதில் மாண்டுபோகின்றன. கோட்டை வாசலில் நிற்கும் காவலாளியைப் போல, அந்த அமிலம் தகுந்தவர்களைத் தவிர மற்றவர்களை உள்ளே விடுவதில்லை.

சரி, உள்ளே போன அந்தத் தகுந்தவர்கள் யார்? இங்கேதான் பெரிய வேடிக்கை! கழுகின் குடலில் அதிகமாக இருந்தவை இரண்டு கூட்டங்கள். ஒன்று கிளாஸ்டிரிடியா. மற்றொன்று ஃபியூசோபாக்டீரியா. இசிவு நோயை உண்டாக்கும் டெட்டனஸ் கிருமியும், புண்ணில் சதையை அழுகச் செய்யும் கிருமியும் கிளாஸ்டிரிடியா வம்சத்தைச் சேர்ந்தவை! மற்றப் பிராணிகளை வீழ்த்தும் வம்சம், கழுகின் குடலில் சாதுவாகக் குடித்தனம் நடத்துகிறது.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு விளக்கம் கூறுகிறார்கள். இந்தக் கிருமிகளின் விஷத்தைத் தாங்கும் சக்தி கழுகுக்கு இருக்கலாம் என்பது ஒன்று. இறைச்சியை மேலும் உடைத்துக் கழுகுக்குச் சத்தாக மாற்றிக் கொடுக்கும் வேலையை இந்தக் கிருமிகளே செய்யலாம் என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

கொண்டலாத்தியின் தைலப் புட்டி

இனி நமக்குத் தெரிந்த பறவைக்கு வருவோம்.

கொண்டலாத்தியைப் பார்த்திருப்பீர்கள். தலையில் விசிறி போன்ற கொண்டை. நீண்டு வளைந்த அலகு. சிறகில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். புல்தரையில் நடந்து நடந்து பூச்சியைக் குத்தி எடுக்கும். இதை மரங்கொத்தி என்று தவறாகச் சொல்கிறவர்களும் உண்டு. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களிலும் இது இருக்கிறது.

பெரும்பாலான பறவைகளுக்கு வாலின் அடியில், மேல்பக்கத்தில், ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. பறவை அலகால் அந்த எண்ணெயை எடுத்து இறகுக்குப் பூசிக்கொள்ளும். கோழியும் வாத்தும் இப்படிச் செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

கொண்டலாத்தியின் எண்ணெயில் ஒரு ரகசியம் இருக்கிறது. பெண் பறவை முட்டையிட்டு அடைகாக்கும் காலத்தில் அந்த எண்ணெய் பழுப்பு நிறமாக மாறிவிடும். மூக்கைப் பிடிக்க வேண்டிய துர்நாற்றம் வீசும்! குஞ்சுகளின் எண்ணெயும் அப்படியே. ஆண் பறவைக்கு மட்டும் இந்த நாற்றம் இல்லை.

ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். அந்தச் சுரப்பிக்குள் எண்டிரோகாக்கஸ் என்ற கிருமி கூட்டம் கூட்டமாகக் குடியிருப்பதைக் கண்டார்கள். நாற்றத்துக்குக் காரணம் அதுதான். சில பறவைகளுக்குக் கிருமிக் கொல்லி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சுரப்பியில் இருந்த கிருமிகள் ஒழிந்தன. எண்ணெயில் இருந்த பல ரசாயனப் பொருள்களும் காணாமற்போயின! மற்றக் கிருமிகளைக் கொல்லும் எண்ணெயின் சக்தியும் குறைந்தது. 2010-ஆம் ஆண்டில் இந்த முடிவு வெளிவந்தது.

ஆக, அந்த எண்ணெய் ஒரு மருந்துத் தைலம். சுரப்பியே புட்டி. மருந்து தயாரிக்கும் வைத்தியர்கள் கிருமிகள்!

தாய்ப் பறவை அந்தத் தைலத்தை முட்டைகளின் மேல் பூசுகிறது. முட்டை ஓட்டிலும் ஒரு விந்தை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழிகள் அதில் நிறைந்திருக்கின்றன. தைலமும் கிருமியும் அந்தக் குழிகளில் தங்கிவிடுகின்றன. நீலச் சாம்பல் நிறமாக இருந்த முட்டை, சில நாளில் பழுப்பேறிவிடுகிறது. பொந்தின் ஈரத்தில் வளரும் கெட்ட கிருமிகள் ஓட்டைத் துளைத்து உள்ளே போகாதபடி இந்தத் தைலம் காக்கிறது. ஓட்டின் மேல் நல்ல கிருமி எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகமான முட்டைகள் பொரித்தன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

குழந்தைக்குக் கஸ்தூரி மஞ்சள் பூசும் தாய்மார்களுக்கு இந்தத் தாயின் அருமை புரியும்!

பசுவின் வயிறு கொண்ட பறவை

தென்னமெரிக்காவில் ஆற்றங்கரைக் காடுகளில் ஹோட்சின் என்றொரு பறவை வாழ்கிறது. கயானா நாட்டின் தேசியப் பறவை அது. ஏறக்குறைய முக்கால் கிலோ எடை இருக்கும். அதன் பக்கத்தில் போனால் மாட்டுத் தொழுவத்தின் வாசனை வரும். அந்த ஊர் மக்கள் அதை நாற்றப் பறவை என்றே அழைக்கிறார்கள்.

இதற்குக் காரணம் அதன் ஆகாரம். ஹோட்சின் தின்பது பெரும்பாலும் பச்சை இலை! இலையை ஜீரணிப்பது லேசான காரியம் அல்ல. பசு எப்படிச் செய்கிறது? அதன் பெரிய வயிற்றில் கோடானுகோடி கிருமிகள் இருந்து புல்லைப் புளிக்க வைத்து உடைத்துக் கொடுக்கின்றன.

ஹோட்சினுக்கு அந்தப் பெரிய வயிறு கழுத்தின் அடியிலேயே இருக்கிறது. மற்றப் பறவைகளுக்குத் தானியத்தைச் சேர்த்து வைக்க மட்டும் உதவும் தொண்டைப் பை, இதற்குப் பெரிய புளிப்புப் பானையாக வளர்ந்திருக்கிறது. தின்ற இலை ஒரு நாள், இரண்டு நாள் கூட உடம்புக்குள் கிடந்து ஊறுகிறது. வெனிசுவெலா நாட்டில் நடந்த ஆராய்ச்சியில் இது தெளிவாயிற்று. 1989-ஆம் ஆண்டில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது.

இதற்கு ஹோட்சின் ஒரு விலையும் கொடுத்திருக்கிறது. தொண்டைப் பை மார்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், பறக்க உதவும் தசைகள் சுருங்கிவிட்டன. ஆகவே, அது தட்டுத் தடுமாறித்தான் பறக்கும்!

முட்டையில் இருந்து வரும் குஞ்சுக்கு இந்தக் கிருமிகள் எப்படிக் கிடைக்கின்றன? தாய் தந்தை இரண்டும் தங்கள் தொண்டைப் பையில் ஊறிய இலைக் கூழை எடுத்துக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அந்தக் கூழோடு கிருமியும் போகிறது. பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்கித் தயிர் தோய்ப்பது போலத்தான்!

இறகைத் தின்னும் கிருமி

எல்லாக் கிருமியும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். இறகையே தின்னும் கிருமியும் உண்டு.

அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளை வலையில் பிடித்து இறகுகளைச் சோதித்தார்கள். 1999-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. தரையில் மேயும் பறவைகளிடமும் நீர்ப் பறவைகளிடமும் இந்தக் கிருமி அதிகமாக இருந்தது. ஒரே பறவையிலும் முதுகைவிட வயிற்றுப் பக்கத்து இறகில்தான் அதிகம்! மண்ணும் ஈரமும் படுவது வயிற்றுப் பக்கம் அல்லவா?

இந்த எதிரியைப் பறவைகள் சும்மா விடுவதில்லை. எண்ணெய் பூசிக் கோதுகின்றன. வெயிலில் சிறகை விரித்துக் காய்கின்றன. கறுப்பு நிறமும் ஒரு கவசம். கறுப்பு இறகை அரிக்கக் கிருமிக்கு அதிக நாள் பிடிக்கிறது. வெள்ளை இறகு சீக்கிரம் அரிபடுகிறது என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

இடம் மாறினால் வினை

ஓர் ஊரில் சாதுவாக இருப்பவன் வேற்றூருக்குப் போய் வம்பு செய்வது உண்டு. கிருமிக்கும் அந்தக் குணம் இருக்கிறது.

கோழிகளின் மூச்சுக் குழாயில் சளியை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி நெடுநாளாகக் கோழிப் பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 1994-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சுற்றியுள்ள வீடுகளில் ஜனங்கள் ஒரு பரிதாபத்தைக் கண்டார்கள். தோட்டத்துக்கு இரை தின்ன வரும் ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற சிட்டுகள், கண் வீங்கி, சீழ் வடிந்து, குருடாகித் தவித்தன. கோழியின் தொண்டையில் இருந்த கிருமி, சிட்டின் கண்ணில் குடியேறிவிட்டது! கண் தெரியாத சிட்டு இரை தேட முடியுமா? பூனை வருவதைப் பார்க்க முடியுமா? சில ஆண்டுகளில் நோய் அந்த நாட்டின் கிழக்குப் பகுதி முழுவதும் பரவிற்று.

பல சிட்டுகள் ஒரே இரைத் தட்டில் வந்து தின்றன. நோய் பரவ அதுவும் ஒரு வழியாயிற்று. அன்போடு வைத்த தட்டே வினையாக முடிந்தது.

கழுகு இல்லாத ஊர்

இப்போது மறுபடியும் கழுகிடம் வருவோம். நம் நாட்டுக் கழுகுகள் அமெரிக்கக் கழுகுகளுக்கு நெருங்கிய சொந்தம் அல்ல, குடும்பம் வேறு. ஆனால், தொழில் ஒன்றுதான். பழந்தமிழில் பாறு என்று பெயர். செத்த மாடு கிடந்தால் கூட்டமாக வந்து, சிறிது நேரத்தில் எலும்பை மட்டும் மிச்சம் வைக்கும் துப்புரவுத் தொழிலாளி.

1990-க்குப் பிறகு இந்தக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. வெண்முதுகுக் கழுகு 2007-க்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயிற்று! எந்த வியாதி என்று எல்லாரும் திகைத்தார்கள்.

கொன்றது வியாதிக் கிருமி அல்ல. மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனக் என்ற மருந்து! 2004-ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சியில் இது வெளிப்பட்டது. மருந்து கொடுத்த மாடு சாகிறது. அதைக் கழுகு தின்கிறது. கழுகின் சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் உயிர் போகிறது. அழுகல் இறைச்சியின் ஆயிரம் கிருமிகளை வென்ற உடம்பு, மனிதன் செய்த ஒரு மருந்தின் முன் தோற்றுவிட்டது!

கழுகு போனதும் செத்த மாடுகள் வயலிலும் குளத்தோரத்திலும் கிடந்து அழுகின. தெருநாய்கள் பெருகின. வெறிநாய்க்கடி அபாயமும் தண்ணீரின் அசுத்தமும் கூடின. கழுகுகள் மறைந்ததால் 2000 முதல் 2005 வரை நம் நாட்டில் சுமார் ஐந்து லட்சம் பேர் அதிகமாக இறந்திருப்பார்கள் என்று பொருளாதார நிபுணர்கள் இருவர் 2024-ஆம் ஆண்டில் கணக்கிட்டு எழுதினார்கள். கழுகின் குடலில் முடிந்திருக்க வேண்டிய அழுகல், நம் வாசலுக்கு வந்ததன் பலன் இது.

மாடுகளுக்கு டைக்ளோஃபெனக் கொடுப்பதை 2006-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை செய்தது. கழுகுக்கு ஆபத்தான அசிக்ளோஃபெனக், கீட்டோபுரோஃபென் என்ற மருந்துகளையும் 2023-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்குத் தடுத்தது. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மருந்து இருக்கிறது. மாடு வளர்ப்போர் கால்நடை டாக்டரிடம் அதைக் கேட்டு வாங்கலாம்.

நீலகிரி மாவட்டத்து மாயாறு பள்ளத்தாக்கில் கழுகுகள் இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தமிழ்நாட்டுக்கு மிஞ்சியிருக்கும் செல்வம் அது.

வீட்டில் என்ன செய்யலாம்?

கோடைக் காலத்தில் மொட்டை மாடியில் குருவிக்கும் காக்கைக்கும் தண்ணீர் வைக்கிறீர்களா? நல்ல காரியம். ஆனால், தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். இரைத் தட்டில் பழைய தானியத்தையும் எச்சத்தையும் சேரவிடாதீர்கள். கழுவிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண் வீங்கியோ, தள்ளாடியோ ஒரு பறவை வந்தால் சில நாள் தட்டை எடுத்துவிடுங்கள். செத்த பறவையைக் குழந்தைகள் வெறுங்கையால் தொடக்கூடாது.

ஒரு கழுகைக் காப்பாற்றினால் ஒரு பறவையைக் காப்பாற்றுவதாக மட்டும் நினைக்காதீர்கள். அதன் முகத்தில் ஓர் ஊர் இருக்கிறது. குடலில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அங்கேயே இருந்து வேலை செய்கிற வரையில், நம் ஊருக்கு நல்லது.